தமுக்குச் சத்தம் குடியிருந்த வீடு

தமுக்கு நிற்கவில்லை. கோர்ட் அமீனா போய்விட்டார், அவரோடு வந்த தமுக்குக்காரர் வெள்ளக்கண்ணு தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அமீனாவின் பைக்கில் பின்னால் ஏறி அவரும் போய்விட்டார், பைக் செக்கடி முக்கில் திரும்பி மறைந்ததை நானே வாசலில் நின்று பார்த்தேன், ஆனால் சத்தம் மட்டும் அவர்களோடு போகாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து டம டம டம் என்று சுவரிலும் கதவிலும் குடத்துத் தண்ணீரிலும் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சொளகைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏல நாயகம், அவிய போயாச்சுல்லா?"

"போயாச்சு."

"அப்ப இது யாரு அடிக்கா?"

"யாரும் அடிக்கல அத்தை."

"சரி, அந்த நூல்கண்டை எடு" என்றாள்.

முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, சொல்லாவிட்டால் புரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் புளியங்குடி. அப்பா ஆவுடையப்பன் எலுமிச்சங்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். விலை ஏறும் ஏறும் என்று காயை வாங்கிக் குடோனில் அடுக்கினார், விலை ஏறவில்லை, காய் அழுகியது. அந்தக் காய் வாங்கிய பணம் எஸ்தர் டீச்சருடையது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆனபோது கிடைத்ததை மொத்தமாக அப்பாவை நம்பிக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர்கள். திருப்பிக் கேட்டபோதெல்லாம் அப்பா "அடுத்த மாசம் டீச்சர்" என்றார், அடுத்த மாசம் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் டீச்சர் கோர்ட்டுக்குப் போனார்கள், அப்பா ஒரு வாய்தாவுக்கும் போகவில்லை, பணத்தை வட்டியோடு கட்டு என்று தீர்ப்பாகிவிட்டது. கட்டவில்லை. ஆகவே வீட்டில் அப்பாவின் பங்கை ஜப்தி செய்ய அமீனா வந்தார். இதில் யார் பேரில் தப்பு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் பாதி அப்பாவுடையது, பாதி உலகம்மாள் அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா, கல்யாணமாகிப் போன வேகத்தில் திரும்பி வந்தவள், என் அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டவள். தாத்தா இரண்டு பேருக்கும் சமம் என்று எழுதிவைத்தாரே தவிர எந்தப் பாதி யாருக்கு என்று எழுதவில்லை. பத்திர பாஷையில் அதற்குப் பிரிபடாத பாகம் என்று பேர். அதாவது அடுப்படியும் பாதி பாதி, கக்கூஸும் பாதி பாதி, கொல்லையில் நிற்கிற முருங்கை மரத்தில் ஒவ்வொரு காயும் பாதி பாதி.

எங்கள் பக்கம் ஜப்திக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஊரில் இருக்கிறது. தமுக்கு அடித்து ஆள் கூட்டுவார்கள், அமீனா உத்தரவைப் படிப்பார், படித்து முடித்ததும் கடன்பட்டவர் பேரைச் சொல்லிக் "கேட்டாச்சா?" என்பார், கடன்பட்டவர் "கேட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொன்னதும் தமுக்குக்காரர் முடிப்பு அடி அடிப்பார், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு அமீனா கேட்டபோது அப்பா மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அமீனா மறுபடி கேட்டார். தெரு முழுக்க எங்கள் மாடியையே பார்த்தது, ஏனென்றால் தொட்டிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் வேட்டி நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளக்கண்ணு முடிப்பு அடிக்காகக் குச்சியை ஓங்கியபடி நின்றார், கை வலித்து இறக்கினார், அமீனாவுக்குப் பக்கத்துச் சிந்தாமணியில் இன்னொரு ஜப்தி இருந்தது, போய்விட்டார்கள். சொல்லவேண்டியது சொல்லப்படாததால் தமுக்கு நின்றுவிட்டது, அதாவது ஓயாமல் எங்கள் வீட்டிலேயே தங்கி நின்றுவிட்டது.

அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னக்கா, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கிய?"

"தமுக்கு அடிக்குலா."

"எங்க?"

"இங்கதான். வீட்டுக்குள்ள."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுப்பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். சொல்லிக்கொண்டே ரசத்தைப் பிசைந்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். சம்மணம் போட்ட காலின் பெருவிரல் டம டம டம் என்று தமுக்குக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்காதது காலுக்குக் கேட்கிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை, சொன்னால் சோற்றோடு சண்டை வரும்.

முதல் வாரம் தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லை, கேட்கத்தான் இருந்தது. எங்கள் வாசல்படிக்கு வெளியே ஒன்றும் கிடையாது, படியில் கால் வைத்ததும் டம டம டம். சிலர் உள்ளே ஒரு கால் வெளியே ஒரு கால் வைத்துச் சோதித்தார்கள். இவர்களாகவே வரிசையாக நின்று "கேட்டாச்சு, கேட்டாச்சு" என்று சொல்லிப் பார்த்தார்கள், அத்தையும் சொன்னாள், தமுக்கு அதையெல்லாம் மதிக்கவில்லை. மேலத்தெரு தையல்காரர் ஒருத்தர் சாக்கட்டியால் வீட்டை நடுவில் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் உலகம்மாளுக்கு, அந்தப் பக்கம் ஆவுடைக்கு, தமுக்கு எந்தப் பக்கம் என்று காது வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் அடித்தது. கோட்டின் மேல் காது வைத்தாலும் அடித்தது. "பிரிபடாததுன்னா இதாம்ல" என்று சொல்லிவிட்டுச் சாக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு ஊர் பழகிவிட்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகும். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்காவின் கைக்குழந்தை எங்கேயும் தூங்காதது, ஒருநாள் தூக்கிக்கொண்டு பேச வந்தவள் பேச்சு முடிவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டதைப் பார்த்து மறுநாள் தொட்டிலையே கொண்டுவந்து எங்கள் உத்தரத்தில் கட்டிவிட்டாள். அத்தையோடு பீடி சுற்றுகிறவர்கள் சுற்றிய பீடிக்கட்டைக் கடையில் கொடுக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த இடத்தில் இலையை எடுத்துச் சுற்றினார்கள், சுற்றினால் தமுக்கின் வேகத்துக்குக் கை போகிறது, இலை வெட்டுவது ஒரு டம், தூள் வைப்பது ஒரு டம், உருட்டி மடக்கி நூல் சுற்றுவது ஒரு டம், வெயில் சாயுமுன்னே அன்றைய பீடி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் கால் வைக்க இடமில்லை. காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுச் சொளகோடு வந்துவிடுவார்கள், ஒருவர் பேரில் ஒருவர் சாய்ந்துகொண்டு, புருஷனைத் திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கை மட்டும் தமுக்கோடு போய்க்கொண்டிருக்கும். புகையிலை நெடியில் தும்மல் வந்தாலும் தாளம் தப்பாமல் தும்மினார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு மாலையில் பெண்களுக்கு நேரம் கிடைத்தது. கிடைத்த நேரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் சும்மா வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

வருத்தம் வெள்ளக்கண்ணுக்குத்தான். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டு வேறொருவருடைய கமிஷன் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான், வேறு சோகக் கதை ஒன்றும் கிடையாது. கடை வாசல் டீக்கடையில் வெள்ளக்கண்ணு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ தம்பி, உங்க வீட்ல என் தமுக்கு இன்னும் அடிக்காமே?"

"அடிக்கு."

"ராவும் பகலுமா?"

"ஆமா."

"எனக்கு ஒரு நாள் கூலிதான் தந்தாவ. இது எந்தூர் நியாயம்?"

"அதை அமீனாட்ட கேளுங்க."

"அவரு கோர்ட்ல கேளுங்காரு. கோர்ட்ல போய் நான் என்னன்னு கேக்க? எஞ்சத்தம் வீட்டுக்கு வரலைன்னா?"

கோர்ட்டிலும் அது ஒரு சிக்கலாகத்தான் இருந்தது. அமீனா 'அறிவிப்பு முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வேலை நடக்கும், ஏலம் போடவோ விற்றுக் கட்டவோ எதுவும் அதற்குப் பிறகுதான். முடியாததை முடிந்தது என்று எழுத அமீனாவுக்குப் பயம். 'அறிவிப்பு நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். நீதிபதி படித்தார், நிமிர்ந்து பார்த்தார், "நடந்து முடியட்டும்" என்று வாய்தா போட்டார். அடுத்த வாய்தாவிலும் அதே. அப்பாவுக்குச் சந்தோஷம். காதில் விழாத ஒரு சத்தம் தன் வீட்டைக் காப்பாற்றுகிறது என்று கடை கடையாகச் சொன்னார். "எந்தக் கோட்டையில இப்படிக் காவல் இருக்கும்?" என்று கேட்டார். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றாலும் ஆடியது, உட்கார்ந்தாலும் ஆடியது, தூங்கும்போதுகூட ஆடியது. செருப்பு முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

எஸ்தர் டீச்சர் ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கோர்ட்டிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சண்டைக்கு இல்லை. குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டுப் பீடிக்காரப் பெண்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார்கள்.

"இன்னும் முடியலையா உலகம்மா?"

"இல்லை டீச்சர். காப்பி குடிக்கிய?"

"சீனி கம்மியா."

அவ்வளவுதான் பேச்சு. கடன் கொடுத்தவரும் கடன்பட்டவர் அக்காவும் ஒரே தாளத்தில் காப்பியை உறிஞ்சுவார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "ஏன் படிப்பை விட்ட?" என்பார்கள், நான் "பிடிக்கல டீச்சர்" என்பேன், "பொய் சொல்லாம சொல்லுத, அதுவரைக்கும் சரி" என்று குடையை எடுத்துக்கொள்வார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. டீச்சர் நனைந்துபோய் வந்தார்கள். அத்தை தன் சேலை ஒன்றை எடுத்துக்கொடுத்து, தலை துவட்டத் துண்டு கொடுத்து, அதற்கப்புறம் கேட்டாள்.

"டீச்சர், இப்ப எங்க இருக்கிய?"

"மகன் வீட்லதான்."

"தனி ரூமா?"

டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்கள். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஹால்ல. அவங்க டிவியை அணைச்சதும் பாயைப் போட்டுக்கிடுவேன். அவங்க மாடியில எனக்கு ஒரு ரூம் கட்டிக்கிடலாம்னுதான் அந்தப் பணத்தை வச்சிருந்தேன். ஆவுடையப்பன் ஆறே மாசத்துல தாரேன், கொஞ்சம் கூடவே தாரேன்னான். கூட ஒரு ஜன்னல் வைக்கலாமேன்னு ஆசைப்பட்டுட்டேன் உலகம்மா. என் ஆசையும்தான்."

பீடிக்காரர்கள் யாரும் நிமிரவில்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. பாத்திமுத்து அக்காவின் பிள்ளை தொட்டிலில் உதட்டைச் சப்பியது. தமுக்கு அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் எனக்கு அன்றைக்கு முதல்முறையாக அது அடிப்பதாகத் தோன்றவில்லை, தட்டுவதாகத் தோன்றியது, யாரோ உள்ளே வரலாமா என்று கதவைத் தட்டுகிற மாதிரி.

டீச்சர் போனதும் அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏ ஆவுடை, வீட்டை வித்துருவோம்."

"என்னக்கா சொல்லுத? கோர்ட்டே சும்மா கெடக்கு."

"கோர்ட்டு கெடக்கட்டும். உன் பாதியை மட்டும் விக்கப் போனா ஒரு பய வாங்க மாட்டான், வாங்கினாலும் பாதிக்குப் பாதி விலைகூடத் தர மாட்டான். பாதி வீட்டை எவன் வாங்குவான்? என் பாதியையும் சேர்த்துப் போட்டாத்தான் முழு விலை. வித்து டீச்சருக்கு உள்ளதைக் கட்டிரு. எனக்கு உள்ளதை வச்சு வாய்க்கால் பக்கம் ஒரு சின்ன இடம் பாத்துக்கிடுதேன்."

"நீ எதுக்குக்கா விக்கணும்? உனக்கு என்ன கடன்?"

அத்தை சொளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அத்தையின் பேரில் ஒரு கடனும் கிடையாது. அந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கிடையாது, அதுவும் பாதி. வாய்க்கால் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான் சொன்னேன், "அப்பா, இது அத்தையைப் போட்டு நீங்க கடனை அடைக்கிறது." அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அடிக்கவில்லை, குச்சியை ஓங்கி நின்ற வெள்ளக்கண்ணு கை மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிட்டது.

வாங்க வந்தது காஜா மைதீன் பாய். துபாயில் மலையாளிகளோடு இருந்து திரும்பியவர், மகளுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியதும் நின்றார். காதைக் குடைந்தார். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார்.

"சேச்சி... சே, அக்கா, இந்தச் சத்தத்தோட சேர்த்து விலை சொல்லுதியளா, சத்தம் இல்லாமலா?"

"சத்தம் கோர்ட்டோடது பாய். அதை நாங்க விக்க முடியாது."

"அப்ப அதை எடுத்துட்டுத் தருவியளா?"

"எடுத்துத்தான் தரணும்."

பீடிக்காரர்கள் ஒரே கூச்சல். "பாய், நல்ல சத்தம் பாய், பழகிட்டா இதில்லாம சோறு எறங்காது" என்றாள் ஒருத்தி. "உங்க மகளுக்குப் பிள்ளை பொறந்தா தொட்டில் ஆட்டவே வேண்டாம்" என்றாள் பாத்திமுத்து அக்கா. "ஏட்டி, அவருக்கு வீடு வேணும், திருவிழா வேண்டாம்" என்று அத்தை அதட்டினாள். பாய் சிரித்தார். ஆனால் வியாபாரி. சத்தம் நின்றால் வாங்கிக்கொள்கிறேன், நிற்காவிட்டால் வேறு வீடு பார்க்கிறேன், வளர்பிறைக்குள் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தம் நிற்க என்ன செய்யவேண்டும் என்று தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அமீனாவும் வெள்ளக்கண்ணும் மறுபடி வரவேண்டும், அமீனா கேட்கவேண்டும், அப்பா சொல்லவேண்டும். அத்தை நேராகக் கோர்ட்டுக்கே போய் அமீனாவைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் பேசுவதும் நின்றுவிட்டது. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

குறித்த நாள் காலையில் தெரு நிறைந்துவிட்டது. பீடிக்காரர்கள் சொளகோடு வெளியே வந்து வரிசையாக நின்றார்கள், கடைசித் தடவையாக உள்ளே உட்கார்ந்து கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் வந்தார்கள். டீச்சர் குடையோடு வந்து எதிர்வீட்டு நிழலில் நின்றார்கள். பாய் மகளையும் கூட்டி வந்திருந்தார். வெள்ளக்கண்ணு வந்ததும் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டாள். போன தடவை யாரும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, எங்கள் தெருவில் தமுக்குக்காரருக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை, பார்த்த சிலருக்கு முகம் ஒரு மாதிரி ஆனதையும் பார்த்தேன். அத்தை யார் முகத்தையும் பார்க்கவில்லை. "உக்காந்தா அடி சரியா விழாது தாயி" என்றார் வெள்ளக்கண்ணு, ஆனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்.

நான் உள்ளே அப்பாவைக் கூப்பிடப் போனேன். கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஏல நாயகம். நீ சொல்லிரு."

"என்னத்தை?"

"அந்த வார்த்தையத்தான். போன்ல நீ பேசினா நான்னு நினைக்காவ, நான் பேசினா நீன்னு நினைக்காவ. இப்படிக் கதவுக்குப் பின்னால நின்னு சொன்னா யாருக்குத் தெரியப்போகுது? அமீனாவுக்கு ஒரு குரல் வேணும், அவ்வளவுதான."

அது உண்மைதான். குரல் உடைந்த பிறகு எனக்கு அப்பாவின் குரலே வந்துவிட்டது, அதே கரகரப்பு, அதே இழுவை. அத்தையே சில நேரம் ஏமாந்துபோவாள்.

"தமுக்கு ஏமாறுமா?" என்றேன்.

"கோர்ட்டே ஒண்ணும் பண்ண முடியல. தமுக்கு என்னல பண்ணும்?"

"நீங்களே சொல்லுங்களேன்."

"கேக்காததைக் கேட்டாச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? அது பொய் இல்லையா?"

"அப்ப காலு ஏன் ஆடுது?"

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து அமுக்கினார். இரண்டும் சேர்ந்து ஆடின.

"சொல்லிருல" என்றார். இந்தத் தடவை அதட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது, அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நான் சொன்னால் கேட்டது நான் என்று ஆகிவிடும். எனக்கு என்ன வந்தது? காயை அடுக்கினது நானா? அடுத்த மாசம் அடுத்த மாசம் என்றது நானா? இதையெல்லாம் சொல்ல நேரமில்லை, வெளியே அமீனா படிக்க ஆரம்பித்துவிட்டார்.

உத்தரவில் அப்பாவின் பேர் வந்தது, தாத்தாவின் பேர் வந்தது, டீச்சரின் பேர் வந்தது, கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு, தெற்கே ஓடை, வடக்கே தெரு, இதற்கு உட்பட்ட வீடு, மனை, கிணறு, மரம், இதில் பிரிபடாத பாதி என்று அமீனா மூச்சு விடாமல் படித்தார், வெளியே வெள்ளக்கண்ணின் தமுக்கும் உள்ளே இத்தனை நாளாகக் குடியிருந்த தமுக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே அடியாக அடித்தன, எது உள்ளே எது வெளியே என்று தெரியவில்லை. அமீனா படித்து முடித்தார். வெள்ளக்கண்ணு கையை ஓங்கி நிறுத்தினார். வெளியே சத்தம் அறுந்தது. உள்ளே மட்டும் டம டம டம்.

"பிரதிவாதி ஆவுடையப்பன், கேட்டாச்சா?"

அப்பா என் விலாவில் முழங்கையால் இடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆவுடையப்பன், கேட்டாச்சா?"

கதவு இடுக்கு வழியாக எனக்கு அத்தை தெரிந்தாள். அவள் மாடியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை, வீட்டையே பார்க்கவில்லை. எதிரே நிழலில் நின்ற டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அந்த இடுக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. தொடையில் கிள்ளினார், வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கிள்ளிய விரல் மெல்ல விட்டது. அவருடைய உடம்பு முழுவதும் ஆடத் தொடங்கியது, பாதம், முழங்கால், இடுப்பு, தோள், திருநீறு பூசிய நெற்றி வரை டம டம டம் என்று தமுக்கு ஏறிக்கொண்டு போனது, அது காது வரை போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன், ஏனென்றால் அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், இத்தனை மாதமாகக் கேட்காத எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவர் முகத்தைப் பார்த்தால் நன்றாக இருந்திருக்காது என்றுதான் தோன்றியது.

"கேட்டாச்சு."

பெரிய சத்தமாக இல்லை. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. வெள்ளக்கண்ணு முடிப்பு அடி அடித்தார். அந்த அடியோடு வீட்டுக்குள் எல்லாம் நின்றது, குடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது, அப்பாவின் கால் நின்றது. பாத்திமுத்து அக்காவின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. பீடிக்காரர்களில் பாதிப் பேர் படியில்லாத இடத்தில் படி இறங்கியவர்கள் மாதிரி தடுமாறி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அமீனா எழுதிக் கொடுத்தார், பாய் வாங்கிக்கொண்டார், பத்திர ஆபீசில் அப்பாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரேகை வைத்தார்கள், கோர்ட்டில் கட்டவேண்டியதைக் கட்டியாயிற்று. டீச்சர் மாடியில் ரூம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னலும் உண்டு, கூட ஆசைப்பட்ட இன்னொன்று கிடையாது. அத்தையும் நானும் வாய்க்கால் பக்கம் இருக்கிறோம், தண்ணீர் வரத்தான் செய்கிறது. அப்பாவும் எங்களோடுதான், நான் பொறுக்குகிற அதே கடையில் கணக்கு எழுதுகிறார், யாராவது கூப்பிட்டால் முதல் தடவையே "என்ன?" என்று திரும்பிவிடுகிறார். பீடிக்காரர்கள் இங்கேயும் வந்து உட்காருகிறார்கள், தாளம் இல்லாததால் பழைய வேகம் இல்லை, என்னைத்தான் குறை சொல்கிறார்கள். அந்தத் தெருவில் இன்னும் எல்லோரும் சொன்னது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "கதவுக்குப் பின்னால நின்னு உங்கப்பா மாதிரியே சொல்லிட்டயேல" என்று தையல்காரர் முதுகில் தட்டுகிறார். பாய்கூட ஒருநாள் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

என்னைச் சொல்லச் சொன்னது உண்மைதான். நான் சொல்லவில்லை.